தலையில் ஒரு புள்ளி

விருத்தாசலம் மார்க்கெட் கமிட்டி வாசலில் மூட்டையோடு நிற்பவரிடம் “நிலக்கடலை என்ன விலைங்க?” என்று கேட்டால், கேட்டவர் வெளியூர் என்று உடனே தெரிந்துவிடும். இந்தப் பக்கத்தில் அதற்குப் பெயர் மல்லாட்டை. கமிட்டிச் சீட்டில் மணிலா என்று எழுதுவார்கள். மணிலாக்கொட்டை என்று வந்த சொல் மல்லாக்கொட்டையாகி, வாய்க்கு வாய் தேய்ந்து மல்லாட்டையாக நின்றுவிட்டது. மெதுவாக ஒருமுறை சொல்லிப் பாருங்கள். ‘ணி’ எங்கே போயிற்று? ‘க்கொ’ எங்கே? உதிர்ந்தது உதிர்ந்ததுதான். யாரும் தேடவில்லை. பண்ருட்டிப் பேருந்து நிலையத்தில் கூடையில் ஆவி பறக்க அவித்த மல்லாட்டையைப் படியில் அளந்து கொடுக்கும் அம்மாவுக்கு அந்த எழுத்துகள் இல்லாமல் ஒரு குறையும் இல்லை.

ஒலி போவதற்கு இது ஒரு வழி. தமிழுக்கு இன்னொரு வழியும் தெரியும். ‘க’ எழுதி அதன் தலையில் ஒரு புள்ளி வையுங்கள். ‘க்’. எழுத்தில் ஒரு கோடுகூடக் குறையவில்லை, வளைவு மாறவில்லை. உள்ளே இருந்த அகரம் மட்டும் அடங்கிவிட்டது. புள்ளியை எடுத்தால் மறுபடி வாய் திறக்கும். மெய்யெழுத்துக்குப் புள்ளி உண்டு என்று தொல்காப்பியமே சொல்லிவிட்டது. ஆனால் ஓலையில் எழுதியவர்கள் பல நேரம் அதை வைக்கவில்லை. எழுத்தாணி குத்தினால் ஓலை பொத்துக்கொள்ளும். படிப்பவர் முன்னும் பின்னும் பார்த்து, எது பேசும் எழுத்து, எது அடங்கிய எழுத்து என்று தாமே முடிவு செய்துகொண்டார். 1924 முதல் 1927 வரை சிதம்பரத்தில் மீனாட்சி தமிழ்க் கல்லூரியின் முதல்வராக இருந்த உ.வே. சாமிநாதையர் வாழ்நாளெல்லாம் பார்த்த வேலையில் பாதி, இப்படி வைக்காத புள்ளிகளை மனத்தில் வைத்துப் படித்ததுதான் என்று எனக்கு எப்போதும் தோன்றும்.

இந்த இரண்டையும், அதாவது உதிர்ந்த எழுத்தையும் புள்ளி வைத்த எழுத்தையும், கையில் வைத்துக்கொண்டு மல்லாட்டைக்குள் போகலாம். சொல்லில் நடந்தது உதிர்வு. செடிக்குள் நடந்திருப்பது பெரும்பாலும் புள்ளி.

மல்லாட்டை ஒரு செடி அல்ல, இரண்டு செடி. தென் அமெரிக்காவில், ஆண்டீஸ் மலையின் கிழக்கு அடிவாரத்தில், அராக்கிஸ் டுரானென்சிஸ் என்ற காட்டுக் கடலையும் அராக்கிஸ் இபாயென்சிஸ் என்ற காட்டுக் கடலையும் ஒருமுறை கூடின. ஒவ்வொன்றிலும் இருபது குரோமோசோம். பிறந்த கலப்பில் அவை இரட்டித்து நாற்பதாயின. இரண்டு காட்டுச் செடிகளின் மரபுத் தொகுதியையும் முழுதாகப் படித்து 2016இல் வெளியிட்டபோது, இந்தக் கூடல் நடந்து சுமார் 9,400 ஆண்டுகள் இருக்கும் என்று கணித்தார்கள். பரிணாமக் கணக்கில் அது நேற்று மாலை. இபாயென்சிஸ் பொலிவியாவில் இபா என்ற ஊர்ப் பக்கம் கிடைத்த செடி. நம் மல்லாட்டையின் ஒரு பாதியை அதன் அருகில் வைத்து எழுத்தெழுத்தாக ஒப்பிட்டால் 99.96 சதவீதம் ஒத்துப்போகிறது. பிரதி எடுத்தவர் பிழையே செய்யவில்லை என்று சொல்லிவிடலாம்.

அங்கிருந்து நம் தென்னாற்காட்டுச் செம்மண்ணுக்கு அது வந்து சேர்ந்தது தனிக்கதை. பெயரில் மணிலா இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்த மாவட்டத்து மல்லாட்டை புதுச்சேரித் துறையிலிருந்து மார்சேய் நகரத்து எண்ணெய் ஆலைகளுக்குக் கப்பல் கப்பலாகப் போனது. எனக்கு இப்போது வேண்டியது கப்பல் அல்ல, வேர்முனை.

அண்ணாமலை நகரில் தாவரவியல் படித்த நாட்களில் மல்லாட்டையைத் தின்றதைவிட நசுக்கியது அதிகம். ஈர மணலில் முளைக்க விட்டு, வேர் ஒரு விரற்கடை நீண்டதும் நுனியை மட்டும் நறுக்கி, ஆல்கஹாலும் அசிட்டிக் அமிலமும் கலந்த குப்பியில் போட்டுவைப்போம். மறுநாள் கண்ணாடித் தகட்டில் ஒரு சொட்டு அசிட்டோகார்மைன் சாயம், அதில் அந்த நுனி. சாயத்தைத் துருவேறிய ஊசியால் கிளற வேண்டும். இரும்பு பட்டால்தான் சிவப்பு கருத்து நன்றாக ஏறும். மேலே மெல்லிய மூடுவில்லை, அதன்மேல் மை ஒற்றும் தாள், அதற்கும் மேல் கட்டைவிரல். அழுத்தம் கொஞ்சம் கூடினால் வில்லை ‘டக்’ என்று உடையும். குறைந்தால் செல்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடக்கும். சரியாக விழுந்த அன்று, நுண்ணோக்கியில் நாற்பது சின்னஞ்சிறு குச்சிகள், ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகப் பிரித்தால் அதில் இரண்டு மூன்று பங்கு நீளம், கோலமாவு சிதறினாற்போல் பரந்து கிடக்கும்.

ஒருநாள் எனக்கு நாற்பத்திரண்டு வந்தது. நாலு முறை எண்ணினேன். நாற்பத்திரண்டுதான். நோட்டில் பெரிதாக எழுதி அடிக்கோடும் போட்டேன். பக்கத்து மேசைத் தோழி வந்து குனிந்து பார்த்துவிட்டு, “அது வால்டா, தனி ஆள் இல்ல” என்றாள்.

அவள் சொன்னது சரி. நாற்பதில் ஒரு ஜோடி மட்டும் மற்றவற்றைப் போல் இல்லை. அதன் உடலில் ஓரிடம் நூலிழையாய் மெலிந்து, அந்த இழைக்கு அப்பால் ஒரு சின்னத் துண்டு தனியே விலகி நிற்கும். சாயம் அந்த இழையில் சரியாகப் பிடிக்காது. அவசரக்காரன் கண்ணுக்குத் துண்டு தனிக் குரோமோசோமாகத் தெரியும். 1930களிலேயே ஹஸ்டட் என்ற ஆய்வாளர் மல்லாட்டையின் இந்த இழை ஜோடியைக் கண்டு குறித்துவைத்திருக்கிறார். நான் அடிக்கோடு போட்டது அவர் காலத்துக்கும் முந்தைய பிழை.

அந்த இழை ஏன் மெலிந்திருக்கிறது என்பதில்தான் முதல் நயம். செல்லுக்குள் புரதம் செய்யும் பட்டறைகளான ரைபோசோம்களுக்கு வேண்டிய ஆர்.என்.ஏ. அங்கேதான் உருவாகிறது. அதற்கான மரபணு ஒன்று இரண்டல்ல, நூற்றுக்கணக்கில் ஆயிரக்கணக்கில் ஒரே பாட்டாக வரிசையில் நிற்கும். செல் பிரியாமல் இருக்கும்போது அந்த வரிசையைச் சுற்றித்தான் நியூக்ளியோலஸ் என்ற அடர்ந்த உருண்டை திரள்கிறது. பிறகு செல் பிரியும் நேரம் வருகிறது, எல்லா டி.என்.ஏ.வும் இறுக்கிச் சுருட்டப்படுகிறது. கல்யாண வீட்டில் எல்லா அறையையும் பெருக்கிப் பூட்டிய பிறகும் கோட்டை அடுப்பு மூட்டிய கொல்லை மட்டும் சூடும் ஈரமுமாகக் கிடக்குமே, அதுபோல இந்த இடம் மட்டும் முழுதாகச் சுருளாமல் நின்றுவிடுகிறது. வெள்ளி நைட்ரேட் சாயம் போட்டால் இந்த இடம் கருப்பாகும். ஏன் இங்கே மட்டும்? சற்று முன்வரை இங்கே வேலை நடந்ததற்கான புரதங்கள் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. சாயம் பிடிப்பது வேலைக்காரனை அல்ல, அவன் கையில் காயாத மாவை.

இரண்டாவது நயம் இதைவிட நுட்பமானது. கூடியவை இரண்டு செடிகள் அல்லவா? இரண்டுக்கும் ரைபோசோம் மரபணு உண்டு. காட்டில் தனியாக வளரும் இபாயென்சிஸ் தன் ரைபோசோமைத் தானே செய்துகொள்கிறது. இல்லையென்றால் அது உயிரோடு இராது. அப்படியானால் மல்லாட்டைக்குள் அதன் பாதியிலும் ஓர் இழை தெரிய வேண்டும். தெரிவதில்லை. இழை உள்ள ஜோடி டுரானென்சிஸ் வழி வந்தது. அர்ஜென்டினாவைச் சேர்ந்த கியேர்மோ செய்ஹோவும் கூட்டாளிகளும் 2004இல் ஒளிரும் துண்டுகளை அனுப்பி, ரைபோசோம் மரபணு எங்கெங்கே இருக்கிறது என்று மல்லாட்டையின் குரோமோசோம்களில் தேடினார்கள். இபாயென்சிஸ் பாதியிலும் புள்ளி புள்ளியாய் ஒளிர்ந்தது. எழுத்து இருக்கிறது. இழை இல்லை. வேலை நடந்த தடயம் இல்லை.

‘க’ இருக்கிறது, அகரம் கேட்கவில்லை.

இந்த விஷயம் மல்லாட்டையில் முதலில் தெரியவந்ததல்ல. மிகயில் நவாஷின் என்ற ரஷ்ய ஆய்வாளர் கிரெப்பிஸ் என்ற சிறு மஞ்சள் பூச்செடி இனங்களைக் கலந்து பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு பெற்றோரின் குரோமோசோமில் தெளிவாகத் தெரிந்த வால்துண்டு, கலப்பில் காணாமல் போனது. துண்டு அறுந்து விழுந்துவிட்டது என்று யாரும் நினைப்பார்கள். அவர் கலப்பிலிருந்து மறுபடி பழைய இனத்தைப் பிரித்தெடுத்துப் பார்த்தார். வால் அப்படியே இருந்தது. அறுந்திருந்தால் திரும்பியிராது. இன்னொன்றும் கண்டார்: யார் யாரை அடக்குவது என்பதில் ஒரு வரிசை இருந்தது. எது தாய், எது தந்தை என்பது பொருட்டே இல்லை. மகரந்தத்தை எந்தப் பக்கமிருந்து போட்டாலும் அடங்கும் இனமே அடங்கியது. 1934இல் இது விரிவாக வெளியானது. அதே ஆண்டில்தான் அமெரிக்க ஆய்வாளர் பார்பரா மக்ளின்டாக் மக்காச்சோளத்தில் நியூக்ளியோலஸ் திரளும் இடம் ஆறாவது குரோமோசோமில் எங்கே இருக்கிறது என்று காட்டினார். அந்த இடத்தை இரண்டாக முறித்தால் இரு துண்டும் நியூக்ளியோலஸ் செய்யும், ஆனால் ஒன்று மற்றதைவிட வலுவாகச் செய்யும் என்றும் கண்டார்.

இதற்கு ஆங்கிலத்தில் வைத்த பெயரைத் தமிழாக்கினால் ‘நியூக்ளியோலஸ் ஆதிக்கம்’ என்று வரும். எனக்கு அந்தப் பெயரில் மனம் ஒப்பவில்லை. ஆதிக்கம் என்றதும் ஒருவர் கத்துவதும் மற்றவர் பயந்து ஒடுங்குவதும் கண்ணில் வருகிறது. நடப்பது அப்படி இல்லை. பேசுகிறவருக்கு இங்கே பெரிய வேலை இல்லை. பேசாதிருப்பவரைப் பேசாமல் வைத்திருக்கத்தான் செல் ஓயாமல் பாடுபடுகிறது.

எப்படி என்றால், புள்ளி வைத்துத்தான். டி.என்.ஏ.வின் நான்கு எழுத்துகளில் ஸைட்டோசின் ஒன்று. அதன் மேல் மெத்தில் என்ற சின்னக் கூட்டம் வந்து ஒட்டும். ஒரு கார்பன், மூன்று ஹைட்ரஜன், அவ்வளவுதான். ஒட்டிய பிறகும் ஸைட்டோசின் ஸைட்டோசினாகவே இருக்கிறது. எதிர் இழையில் குவானினோடு பழையபடியே கைகோர்க்கிறது. எழுத்து மாறவில்லை, சொல் மாறவில்லை, படிக்க வருகிற எந்திரம் மட்டும் அந்த வரியில் இறங்க முடியாமல் திரும்பிப் போகிறது. நாலே அணுவில் ஒரு எழுத்தை மாற்றாமல் வாயடைக்கும் இந்தச் சிக்கனத்தை நினைத்தால், புள்ளியைக் கண்டுபிடித்த நம் பழைய ஆள் ஒருவரோடு இந்தச் செடி கலந்து பேசியிருக்குமோ என்று தோன்றுகிறது.

பிரதி எடுக்கும்போது என்ன ஆகும்? செல் பிரியும்போது டி.என்.ஏ.வின் இரு இழைகளும் விலகி, ஒவ்வொன்றுக்கும் புதிய துணை இழை எழுதப்படுகிறது. புதிதாக எழுதிய இழையில் புள்ளி இருக்காது. இப்படியே போனால் தலைமுறைக்குத் தலைமுறை புள்ளி பாதியாகக் குறைந்துகொண்டே போக வேண்டும். போவதில்லை. புள்ளி மிகுதியாக விழுவது ஸைட்டோசினுக்கு அடுத்துக் குவானின் வரும் இடத்தில். இந்த இரண்டெழுத்துக்கு எதிர் இழையில் குவானினும் ஸைட்டோசினும் நிற்கும். எதிர் இழையைப் படிக்கும் திசையோ எதிர்த்திசை. ஆகவே அங்கிருந்து படித்தாலும் ஸைட்டோசின், குவானின் என்றே வரும். சீகாழிச் சம்பந்தர் மாலைமாற்றில் ஒரு பதிகமே பாடியிருக்கிறார், எந்தப் பக்கமிருந்து படித்தாலும் ஒன்றே வரும்படி. இது இரண்டெழுத்து மாலைமாற்று. பழைய இழையில் புள்ளி இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் எதிர்ப்பக்கத்திலும் வைத்துக்கொண்டே போவதற்கென்று ஒரு நொதி இருக்கிறது. மூல ஓலையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பிரதிக்குப் புள்ளி வைக்கும் மாணவன் போல.

புள்ளியோடு வேறு வேலைகளும் சேர்கின்றன. டி.என்.ஏ. சுற்றியிருக்கும் ஹிஸ்டோன் உருண்டைகள் இறுகும், குட்டி ஆர்.என்.ஏ. துண்டுகள் எங்கே வைக்க வேண்டும் என்று அடையாளம் காட்டும். அவற்றில் நான் நிற்கப்போவதில்லை. நிற்க வேண்டிய இடம் 1997இல் கிரெய்க் பிகார்டும் ஜெஃப்ரி சென்னும் செய்த சோதனை. பிராசிக்கா நாபஸ் என்பது நம் கடுகுக்கு உறவான எண்ணெய்ச் செடி. கோசு ஒரு பெற்றோர், டர்னிப் இன்னொன்று. அதன் இலையில் டர்னிப் பக்கத்து ரைபோசோம் மரபணு மட்டும் பேசும், கோசுப் பக்கம் அடங்கியிருக்கும். புள்ளி வைக்கவிடாமல் தடுக்கும் ஒரு மருந்தைச் செடிக்குக் கொடுத்தார்கள். கோசுப் பக்கம் பேச ஆரம்பித்துவிட்டது. ஹிஸ்டோன் இறுகாமல் தடுக்கும் வேறொரு மருந்து கொடுத்தாலும் அப்படியே.

இதே இருவர் அதே ஆண்டில் கண்ட இன்னொன்றுதான் எனக்கு மிகவும் பிடித்தது. மருந்தே வேண்டாம். அதே செடி பூக்கும்வரை காத்திருந்து பூவின் உறுப்புகளில் பார்த்தார்கள். இலையில் வாய் திறக்காத கோசு மரபணு பூவில் பேசிக்கொண்டிருந்தது. தண்டு, இலை வளரும் காலமெல்லாம் வைத்திருந்த புள்ளி, பூ வரும்போது தானாகவே தளர்ந்துவிட்டது. மாமியார் வீட்டில் ஆண்டெல்லாம் பேசாமல் இருக்கும் மருமகள் திருவிழாவில் பிறந்த ஊருக்கு வந்ததும் மூச்சுவிடாமல் பேசுவாளே, அது நினைவுக்கு வந்தது. ஒப்புமை கொஞ்சம் பழையதுதான். இருக்கட்டும்.

இன்னொரு நுட்பம். புள்ளி ஒவ்வொரு மரபணுவுக்கும் தனித்தனியாக ஆராய்ந்து வைக்கப்படுவதாகத் தெரியவில்லை. அராபிடாப்சிஸ் என்ற ஆய்வுச் செடியில், எந்தக் குரோமோசோமில் இருக்கிறோம் என்பதைப் பொறுத்து முழு வரிசையும் ஒன்றாக அடங்குகிறது அல்லது ஒன்றாகப் பேசுகிறது என்று 2016இல் காட்டினார்கள். ஒரே மரபணு, இந்தத் தெருவில் இருந்தால் பேசும், அந்தத் தெருவில் இருந்தால் பேசாது.

சிதம்பரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, அடங்கிய மரபணுவைப் பற்றி எழுதும்போது திரை என்றும் ரகசியம் என்றும் எழுதாமல் இருப்பது கஷ்டம். இருந்தும் எழுதப்போவதில்லை, பொருந்தாது. சிதம்பரம் கோயிலில் திரையை விலக்கினால் வெளி. பொன் வில்வமாலை தொங்கும் வெற்றிடம். இங்கே திரைக்குப் பின்னால் வெற்றிடம் இல்லை, முழுப் புத்தகமும் இருக்கிறது. அதே கோயிலின் இன்னொரு கதைதான் எனக்குச் சரிப்படுகிறது. தேவார ஏடுகள் பூட்டிய அறையில் கிடந்தன என்றும், ராஜராஜனும் நம்பியாண்டார் நம்பியும் அறையைத் திறக்கச் செய்தபோது பல ஏடுகளைக் கரையான் தின்றிருந்தது என்றும் மரபு சொல்கிறது. ஒரே அறையில் இரண்டு விதி. பூட்டியிருந்ததால் ஒலிக்காத ஏடு, திறந்ததும் ஓதுவார் வாய்க்கு வந்துவிட்டது. கரையான் தின்றது தின்றதுதான். அதற்குச் சாவி இல்லை.

கலப்புச் செடியிலும் கரையான் உண்டு. இதைச் சொல்லாமல் புள்ளியை மட்டும் புகழ்ந்தால் கதை ஒருபக்கமாகிவிடும். மல்லாட்டையின் முழு மரபுத் தொகுதி 2019இல் வெளிவந்தபோது, இரண்டு காட்டுக் கடலைகளையும் கையால் புதிதாகக் கலந்து உருவாக்கிய செடிகளையும் வளர்த்துப் பார்த்தார்கள். ஒரே கலப்பின் பிள்ளைகளிலேயே பூவின் நிறம் மாறி மாறி வந்தது. காரணம் புள்ளி அல்ல. இரண்டு பாதிகளும் துண்டுகளை மாற்றிக்கொண்டு, சில இடங்களில் ஒரு பக்கத்து எழுத்தே இல்லாமல் போயிருந்தது. ‘மணிலாக்கொட்டை’ ‘மல்லாட்டை’ ஆன கதை. வெளியிலிருந்து பார்த்தால் அடங்கியதும் அழிந்ததும் ஒன்றுபோலத்தான் இருக்கும். இரண்டிலும் ஒலி இல்லை. ஏட்டைப் பிரித்துப் பார்த்தால்தான் தெரியும்.

வெளியிலிருந்து பார்ப்பது என்றதும் பிச்சாவரம் போக வேண்டியிருக்கிறது. சிதம்பரத்திலிருந்து கிழக்கே பதினைந்து கிலோமீட்டர் வாக்கில், வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே அந்த அலையாத்திக் காடு. ஊர்க்காரர்களுக்கு அது சுரபுன்னைக் காடு. அங்கே ரைசோபோரா குலத்தில் இரண்டு இனங்கள் உண்டு: அபிகுலாட்டா, மியூக்ரோனாட்டா. இரண்டு பெயருக்குமே பொருள் முனை உள்ளது என்பதுதான். பெயர் வைத்தவர்களுக்கு இலையின் ஊசிமுனையைத் தாண்டிக் கண் போகவில்லை போலிருக்கிறது. படகைக் கொஞ்சம் ஓரம் கட்டச் சொல்லிப் பூவைப் பாருங்கள். அபிகுலாட்டாவில் இலை உதிர்ந்த கணுவில், தடித்த குட்டைக் காம்பில், இரண்டே பூ ஒட்டி உட்கார்ந்திருக்கும். இதழ் வழவழப்பு. மியூக்ரோனாட்டாவில் இலைக் கக்கத்தில் காம்பு கிளைத்து நாலைந்து பூ தொங்கும். இதழ் ஓரமெல்லாம் வெள்ளைக் கம்பளி போல் மயிர்.

இவ்விரண்டுக்கும் நடுவே மூன்றாவதாக ஒரு மரம் இருக்கிறது. பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல்வாழ் உயிரியல் மையத்தில் இருந்த கே. கதிரேசன் அதைக் கவனித்து 1990களில் உலகுக்குச் சொன்னார். பெயர் ரைசோபோரா அண்ணாமலையானா. கலப்பு என்று காட்ட இடையில் ஒரு பெருக்கல் குறி. சென்னை எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தில் அஜய் பரீடாவின் குழு 1997இல் டி.என்.ஏ.வைப் பார்த்து, அந்த இருவரும்தான் பெற்றோர் என்று உறுதி செய்தது. இதன் இதழைக் கையில் எடுத்தால் மயிர் உண்டு, ஆனால் மியூக்ரோனாட்டாவின் அடர்த்தி இல்லை. இலையும் இரண்டுக்கும் இடைப்பட்டது. பூக்கிறது, பூக்கிறது, காய் மட்டும் அரிதாகவே வருகிறது. பெற்றோர் இருவரும் முருங்கைக்காய் போல் நீண்ட நாற்றை மரத்திலேயே வளர்த்துச் சேற்றில் குத்திட்டு விழவிடும்போது, இது வெறும் பூவை உதிர்த்துக்கொண்டு நிற்கிறது. இலையின் அடியில் கறுப்புக் கறுப்பாய் நுண்புள்ளிகள் தெரியும். நான் இவ்வளவு நேரம் பேசிய புள்ளி அதுவல்ல, ஏமாற வேண்டாம்.

இதழின் மயிரைப் பார்த்தால் கலப்பு என்பது சரிபாதிக் கணக்கு என்று தோன்றும்: அப்பாவில் பாதி, அம்மாவில் பாதி, கூட்டி இரண்டால் வகுத்தது. மல்லாட்டையின் நியூக்ளியோலஸ் அப்படியெல்லாம் வகுப்பதில்லை. ஒருவர் முழுதாகப் பேசுகிறார், ஒருவர் முழுதாகப் பேசாதிருக்கிறார். இரண்டும் கலப்புத்தான். கண்ணுக்குத் தெரிகிற கலப்பு பாலில் தண்ணீர். உள்ளே நடப்பது பாட்டு நிறுத்திய தனி ஆவர்த்தனம்.

அலையாத்தியில் புள்ளி வேலை செய்வதைப் பார்த்த ஆய்வு பிரேசிலில் இருந்து வந்தது. லகுன்குலாரியா என்ற ஒரே இனம், ஆற்றோரத்தில் ஓங்கி வளர்கிறது. உப்புச் சதுப்பில் குட்டையாய் நிற்கிறது. 2010இல் இரண்டையும் ஒப்பிட்டபோது எழுத்தில் வேறுபாடு சொற்பம், புள்ளியில் நிறைய. உப்பில் நின்ற மரங்களில் புள்ளி குறைவு. பிச்சாவரத்தில் கால்வாயோரத்து ஓங்கிய மரத்தையும் உள்ளே உவர் மேட்டில் நிற்கும் குட்டை மரத்தையும் அடுத்தடுத்துப் பார்க்கும்போது அந்த ஆய்வு எனக்குத் துடுப்புச் சத்தத்தோடு சேர்ந்தே நினைவுக்கு வரும்.

கரும்பையும் விட்டுவிட மனமில்லை. நெல்லிக்குப்பம் ஆலைச் சங்கு கேட்கும் மாவட்டத்தில் கரும்பைச் சொல்லாமல் போனால் கோபிப்பார்கள். நாம் பயிரிடும் கரும்பு, தித்திப்பான பழைய கரும்போடு ஆற்றோர நாணலைக் கலந்தது. கோயம்புத்தூரில் பார்பரும் வெங்கட்ராமனும் தொடங்கிவைத்த வேலை. கடலூர் ஆராய்ச்சி நிலையம் தந்த கோ.க. 671 அந்த வழியில் வந்த பேத்தி. இன்றைய கரும்பில் குரோமோசோம் நூறைத் தாண்டும். பெரும்பங்கு தித்திப்புப் பக்கம், பத்து முதல் இருபது சதவீதம்போல நாணல் பக்கம். ஒரே மரபணுவுக்குப் பத்துப் படி கூட இருக்கும். யார் பேச, யார் அடங்க என்று அங்கே நடக்கும் பஞ்சாயத்து மல்லாட்டையைவிடப் பல மடங்கு சிக்கல். கொள்ளிடக் கரையில் வெள்ளைக் கதிர் ஆட நிற்கும் நாணலைக் காணும்போது, இதன் உறவுக்காரர் ஒருவர் நம் தோகைக்குள் உட்கார்ந்திருக்கிறார் என்று நினைத்துக்கொள்வேன். அதற்கு மேல் கரும்பில் கை வைக்க எனக்குத் தெம்பில்லை.

மல்லாட்டைக்கே திரும்புகிறேன். நாற்பது நாளில் பூ மஞ்சளாய் மேலே தெரியும். கருவுற்றதும் அதன் அடியிலிருந்து விழுது இறங்கி மண்ணைத் தேடும். அந்த நேரத்தில் ஜிப்சம் தூவி மண் அணைக்க வேண்டும். கொத்தி அணைக்கும் பெண்கள் விழுதை மிதிக்காமல் பாதத்தைச் சாய்த்துச் சாய்த்து வைத்து நகர்வதைப் பார்க்கலாம். மேலே பூத்து மண்ணுக்குள் போய்க் காய்க்கும் செடி.

இதை எழுதும் மேசையில் ஒரு படி அவித்த மல்லாட்டை. ஓட்டைப் பிதுக்கினால் உப்புத் தண்ணீர் விரலில் தெறிக்கிறது. பருப்பை இரண்டாகப் பிளந்தால் முனையில் குட்டியாய் ஒரு குருத்து, சிறுவயதில் அதைத் தாடிக்காரர் என்போம். தாடியின் நுனிதான் வேர்முனை. ஆனால் இவர் வெந்துவிட்டார். பச்சையில் பத்துப் பருப்பு தனியே எடுத்து ஈரத்துணியில் கட்டிவைத்திருக்கிறேன். வியாழக்கிழமை வாக்கில் வேர் வரும். துருவேறிய ஊசி இருக்கிறது. மூடுவில்லை மட்டும் ஒரு பெட்டி வாங்க வேண்டும்.